தேயிலைத் தோட்டத்தில் காட்டேஜ் கட்டலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சரிவில் அப்பா விட்டுப்போன 15 சென்ட் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பச்சைத் தேயிலை விலையை நம்பிக் குடும்பம் நடத்த முடியவில்லை. “வீட்டுக்குன்னு அப்ரூவல் வாங்கிடலாம், அப்புறம் காட்டேஜா மாத்திக்கலாம்” என்கிறார் புரோக்கர். இறங்கலாமா?

பதில்: முதலில், அந்தப் புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு அனுமதி வாங்கி காட்டேஜ் நடத்தினால் என்றைக்கு வேண்டுமானாலும் சீல் விழும். அன்று கமிஷன் வாங்கியவர் போனை எடுக்க மாட்டார். வங்கிக் கடன் உங்கள் பேரில் நிற்கும். “பட்டா நிலம்தானே, யார் கேட்பது?” என்பதும் அவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். நீலகிரியில் பட்டா இருந்தாலும் கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. ஜேசிபி இறக்கவே தனி அனுமதி வேண்டும்.

இந்த விதிகள் சும்மா இல்லை. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் ஊட்டி பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சரிவின் அடியை வெட்டிச் சமன் செய்தால், மேலே இருக்கும் மண்ணுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. அப்படியொரு மழையில் ஊறிக் கனத்ததும் மொத்தமாக இறங்கும். தடுப்புச்சுவர் கட்டினால் போதும் என்பார்கள். தண்ணீர் வடியத் துளை விடாத சுவர், பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தில் தானே சாயும்.

முறையாக விண்ணப்பித்தால் கனிமவளம், வேளாண் பொறியியல், வனத்துறை என்று கோப்பு அலையும். விதியை மதிப்பவர் காத்துக் கிடக்கிறார், மீறுபவர் சீசனுக்கு புக்கிங் எடுக்கிறார். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. 2024 மே முதல் இ-பாஸ் வைத்து மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளை எண்ணுகிறார்கள். வெட்டுப்படும் சரிவுகளை எண்ண ஆளில்லை.

உங்களுக்கு ஒரு வழி உண்டு. ஊருக்குள் பழைய வீடு இருந்தால் அதில் ஓரிரு அறைகளை ஒதுக்கி, சுற்றுலாத் துறையில் ஹோம்ஸ்டேயாகப் பதிவு செய்யுங்கள். ஆனால் நீங்கள் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். கோவையில் இருந்துகொண்டு சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தால் அது ஹோம்ஸ்டே ஆகாது. தோட்டத்தில் புதிதாக ஷெட் போட்டு “வீட்டின் பகுதி” என்று காட்டினாலும் ஆகாது. அறை பழையது, குடும்பம் உள்ளே: இரண்டும் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

அப்படி வீடு இல்லையென்றால், ஐப்பசி அடைமழையில் ஒருநாள் தோட்டத்துக்குப் போங்கள். எங்கே நீர் கசிகிறது, ஓடை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணால் பாருங்கள். கசிவு இருக்கும் நிலத்தில் எவர் அனுமதி தந்தாலும் கட்டாதீர்கள்.