எஞ்சினை எத்தனை அங்குலம் பின்னால் தள்ளலாம்?
வாசகர் கேள்வி - பதில்

பாஸ் மீன் பிடிக்க வட அமெரிக்க ஏரிகளில் ஓடும் வேகப் படகுகளைப் பார்த்தால், ட்ரான்ஸம் எனப்படும் பின்சுவருக்கும் அவுட்போர்டு எஞ்சினுக்கும் நடுவே ஓர் அலுமினியத் தாங்கி தெரியும். அதுதான் ஜாக் பிளேட். எஞ்சின் பின்சுவரை விட்டு எத்தனை அங்குலம் தள்ளி நிற்கிறதோ, அதற்குப் பெயர் செட்பேக். இந்த இதழில் அதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

என்னிடம் 19 அடி ஃபைபர் பாஸ் படகு, 200 குதிரைத்திறன் எஞ்சின். எஞ்சின் நேரடியாக ட்ரான்ஸமில் மாட்டியிருக்கிறது. 6 அங்குல ஜாக் பிளேட் வாங்குவதா, 10 அங்குலமா? பக்கத்துப் படகுக்காரர் 10 போட்டு நல்ல வேகம் எடுக்கிறார்.
- ஒண்டாரியோ வாசகர்

முதலில் உங்கள் படகின் பின்புறத்தைக் கீழிருந்து பாருங்கள். பல பாஸ் படகுகளில் அடிப்பாகம் ட்ரான்ஸம் வரை வராமல் சில அங்குலம் முன்னாலேயே படிபோல வெட்டுப்பட்டு முடிந்துவிடும். தண்ணீர் அடிப்பாகத்தை விட்டுப் பிரியும் இடம் அந்த வெட்டு. செட்பேக்கை அங்கிருந்துதான் கணக்கிட வேண்டும். வெட்டு 4 அங்குலம் முன்னால் இருந்து, அதன்மேல் 6 அங்குலப் பிளேட் மாட்டினால், உங்களுக்குக் கிடைப்பது 10 அங்குலம். பக்கத்துப் படகில் அப்படி வெட்டு இல்லையென்றால், பிளேட்டின் எண்ணை மட்டும் ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

செட்பேக் மூன்று வேலை செய்கிறது. முதலாவது, எஞ்சினின் எடை பின்னால் போவதால் அணியம் (படகின் முன்முனை) எளிதில் எழும்புகிறது; நீரைத் தொடும் பரப்பு குறைகிறது. இரண்டாவது, எஞ்சினை ட்ரிம் செய்து வெளியே சாய்க்கும்போது நெம்புகோலின் நீளமும் கூடுகிறது. ஆனால் இந்தப் பலனைப் பெரிதாக எண்ண வேண்டாம். படகின் எடைமையம் புரொப்பெல்லருக்கு 2 மீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 6 அங்குலம் சேர்ப்பது அந்த நீளத்தை ஏழெட்டுச் சதவீதம்தான் கூட்டும். மூன்றாவதுதான் முக்கியம். வேகமாக ஓடும் படகின் அடியில் அழுந்திய தண்ணீர், படகைத் தாண்டியதும் மேலே எழும்புகிறது. எஞ்சின் பின்னால் இருந்தால், புரொப்பெல்லருக்கு அதே ஆழத் தண்ணீர் கிடைக்கும்படியே எஞ்சினை உயர்த்தலாம். நீருக்குள் இழுபடும் கியர் கேஸின் (புரொப்பெல்லரைத் தாங்கும் எஞ்சினின் அடிப்பகுதி) பரப்பு குறையும். கூடுதல் வேகத்தில் பெரும்பங்கு இந்த உயரத்தால்தான் வருகிறது.

இனி எடைக் கணக்கு. 200 குதிரைத்திறன் எஞ்சின் ஏறக்குறைய 220 கிலோ. அதை 6 அங்குலம் (0.15 மீட்டர்) பின்னால் தள்ளினால் சுமார் 33 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசை பின்பக்கம் கூடும். 10 அங்குலமென்றால் 56. இதை ஈடுகட்ட, மொத்தம் 75 கிலோ எடையுள்ள மூன்று பேட்டரிகளை 6 அங்குலத்துக்கு 45 சென்டிமீட்டரும், 10 அங்குலத்துக்கு 75 சென்டிமீட்டரும் முன்னால் நகர்த்த வேண்டும். ஜாக் பிளேட்டின் சொந்த எடை இந்தக் கணக்கில் சேரவில்லை. அதுவும் படகின் கடைசி முனையில்தான் தொங்கப் போகிறது.

காசு கொடுப்பதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம். முழு எரிபொருளும் வழக்கமான சாமான்களும் ஏற்றிப் படகை மிதக்கவிடுங்கள். 34 கிலோ மணல் மூட்டையை ஓரிடத்தில் வைத்துப் பின்பக்க நீர்மட்டத்தைக் குறியுங்கள். பிறகு அதை ஒரு மீட்டர் பின்னால் நகர்த்திப் பாருங்கள். 6 அங்குலச் செட்பேக் போட்டால் படகு நிற்கும் நிலை கிட்டத்தட்ட அதுதான். 10 அங்குலத்துக்கு 56 கிலோ வைத்துப் பாருங்கள். எஞ்சின் கிணற்றின் (ட்ரான்ஸத்துக்கு முன்னால் உள்ள பள்ளம்) வடிகால் துளைகளோ, படகுக்குள் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப்பின் வெளிவாயோ நீர்மட்டத்துக்குக் கீழே போனால் அந்த அளவு உங்கள் படகுக்கு ஆகாது.

பொதுவாக 16, 17 அடிப் படகுக்கு 4 முதல் 6, 18, 19 அடிக்கு 6 முதல் 8, 20 அடிக்கு மேல் 8 முதல் 12 அங்குலம் பொருந்தும். வெட்டு இல்லையென்றால் உங்கள் 19 அடிக்கு 6 அங்குலத்தில் தொடங்குங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. பேட்டரிகளும் எரிபொருள் தொட்டியும் ஏற்கெனவே முன்னால் இருந்தால் 8 வரை போகலாம்.

8 அங்குலப் பிளேட் மாட்டி எஞ்சினை 2 அங்குலம் உயர்த்தினேன். முன்பு நிமிடத்துக்கு 5,600 சுற்றில் மணிக்கு 110 கிலோமீட்டர் வந்தது. இப்போது 5,900 சுற்று, 109 கிலோமீட்டர். புரொப்பெல்லர் 25 பிட்ச், கியர் விகிதம் 1.75. திருப்பத்தில் எஞ்சின் கத்துகிறது. ஒருமுறை சூட்டு அலாரமும் அடித்தது.
- டெக்சஸ் வாசகர்

உங்கள் எண்களே பதில் சொல்கின்றன. சுற்றை பிட்சால் (புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய அங்குலம்) பெருக்கி, 0.001524-ஆல் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்தால், புரொப்பெல்லர் வழுக்காமல் ஓடினால் வரவேண்டிய வேகம் கிடைக்கும். முன்பு அது 121.9, நீங்கள் ஓடியது 110. வழுக்கல் 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, நல்ல அளவு. இப்போது வரவேண்டியது 128.5, ஓடுவது 109. வழுக்கல் 15 சதவீதம். எஞ்சின் கூடுதலாக உழைத்தும் புரொப்பெல்லர் காற்றையும் சேர்த்துத்தான் கடைந்துகொண்டிருக்கிறது.

பின்னால் எழும்பும் தண்ணீர் 10 முதல் 12 அங்குலச் செட்பேக்குக்கு ஓர் அங்குல உயரம் தரும் என்பது நடைமுறைக் கணக்கு. உங்கள் 8 அங்குலம் முக்கால் அங்குலத்துக்குத்தான் இடம் கொடுத்தது. நீங்கள் இரண்டு எடுத்துக்கொண்டீர்கள். ஓர் அங்குலம் இறக்குங்கள்.

அதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். படகை ட்ரெய்லரில் வைத்து, அடிப்பாகத்தின் தட்டையான நடுப்பட்டை ரசமட்டத்தில் சமமாக நிற்கும்படி ட்ரெய்லர் முனையை ஏற்றி இறக்குங்கள். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள, மெக்கானிக்குகள் கேவிட்டேஷன் பிளேட் என்று சொல்லும் தட்டு அந்தப் பட்டைக்கு இணையாக வரும்வரை எஞ்சினை ட்ரிம் செய்யுங்கள். வளையாத நீண்ட அலுமினியச் சட்டத்தைப் பட்டையின் கீழ் ஒட்டி அழுத்தி, புரொப்பெல்லர் வரை நீட்டிப் பிடியுங்கள். சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து புரொப்பெல்லர் தண்டின் மையம் எத்தனை அங்குலம் கீழே இருக்கிறதோ அதுதான் நீங்கள் குறித்து வைக்க வேண்டிய எண். வழக்கமான கியர் கேஸுக்கு மூன்றரையில் தொடங்குங்கள். கால் கால் அங்குலமாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரே எரிபொருள், ஒரே ஆட்களுடன் ஓட்டி, சுற்று, ஜி.பி.எஸ். வேகம், நீரழுத்தம் மூன்றையும் எழுதுங்கள். சுற்று ஏறி வேகம் ஏறாத இடம் வந்ததும் கால் அங்குலம் இறக்கி அங்கேயே நிறுத்துங்கள். ஒரே நாளில் உயரத்தையும் புரொப்பெல்லரையும் சேர்த்து மாற்றாதீர்கள்; எது எதைச் செய்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

நீரழுத்த மீட்டர் இல்லாமல் எஞ்சினை உயர்த்தவே கூடாது. குளிர்நீர் நுழையும் துளைகள் கியர் கேஸின் பக்கவாட்டில் இருக்கின்றன. அவை மேற்பரப்புக்கு வந்தால் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து ஏறும். முழு வேகத்தில் உங்கள் எஞ்சின் கையேடு சொல்லும் அழுத்தத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. கையேட்டில் அந்த எண் இல்லையென்றால் 10-12 பி.எஸ்.ஐ.யைக் கீழ் எல்லையாக வையுங்கள். சூட்டு அலாரம் தாமதமாகத்தான் அடிக்கும். அது ஒருமுறை அடித்துவிட்டதால் நீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். இதழ் நுனி உருகியோ மடிந்தோ இருந்தால் மாற்றிவிட்டுத்தான் அடுத்த சோதனை.

உயரம் சரியான பின்பும் திருப்பத்தில் பிடி விட்டால், விளிம்பில் கூடுதல் வளைவு கொண்ட ஸ்டெயின்லெஸ் புரொப்பெல்லரோ நான்கு இதழ் வகையோ பிடித்து நிற்கும்.

17 அடிப் படகு, 150 குதிரைத்திறன், 12 அங்குலப் பிளேட்டோடு பழையதாக வாங்கினேன். நடு வேகத்தில் அணியம் குதிரைபோலத் துள்ளுகிறது. மணிக்கு 95 கிலோமீட்டரைத் தாண்டினால் இடமும் வலமுமாக ஆடுகிறது.
- ஃப்ளோரிடா வாசகர்

இரண்டும் தனித்தனி நோய்கள்.

துள்ளுவது எடை பின்னால் அதிகமாக இருப்பதால். ட்ரிம்மை முழுக்க உள்ளே இழுத்தும் துள்ளல் நிற்கவில்லையென்றால் 12 அங்குலம் இந்தப் படகுக்கு அதிகம். 6 அங்குலப் பிளேட்டுக்கு மாற்றுங்கள். அதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று: அடிப்பாகத்தின் கடைசி 5 அடியில் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். சட்டத்தின் முனைகளில் இடைவெளி விழுந்து நடுப்பகுதி புடைத்திருந்தால், அந்த வளைவே அணியத்தைத் தூக்கித் துள்ள வைக்கும். அப்போது பிளேட்டை மாற்றினால் மட்டும் போதாது. அடிப்பாகத்தை நேராக்க வேண்டும். மாறாக நடுவில் இடைவெளி விழுந்து முனைகள் தொட்டால் அது அணியத்தைக் கீழே அமுக்கும் வளைவு. உங்கள் துள்ளலுக்கு அது காரணமல்ல.

இடவல ஆட்டம் வேறு. படகு நீருக்கு மேலே எழும்பி ஒரு குறுகிய பட்டையில் மட்டும் ஓடும்போது, புரொப்பெல்லரின் முறுக்கம் அதை ஒரு பக்கம் சாய்க்கும். ஓட்டுபவர் திருத்தும்போது மறுபக்கம் சாயும். ஸ்டியரிங்கில் தளர்ச்சி இருந்தால் ஒவ்வொரு திருத்தமும் தாமதமாகப் போய் ஆட்டத்தை வளர்க்கும். எஞ்சினின் கியர் கேஸைக் கையால் இடம் வலம் ஆட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் சக்கரம் அசையாமல் எஞ்சின் மட்டும் அசைந்தால் அந்தத் தளர்ச்சியை முதலில் தீருங்கள். ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்றால் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள். கேபிள் என்றால் இந்த வேகத்துக்கு ஹைட்ராலிக்குக்கு மாறுவது நல்லது.

ஓடும்போது ஆட்டம் தொடங்கினால் த்ராட்டிலைச் சட்டென்று விடாதீர்கள். அணியம் திடீரென்று விழுந்து தண்ணீரைக் கவ்வினால் படகு சுழன்றுவிடும். ட்ரிம்மைச் சிறிது உள்ளே இழுத்து, த்ராட்டிலை மெல்லக் குறையுங்கள். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடலில் மாட்டாமல் இந்த வேகத்தில் ஓட்டவே வேண்டாம். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் அது சட்டக் கட்டாயமும்கூட.

பழைய ஃபைபர் படகு. ட்ரான்ஸம் ஜாக் பிளேட்டைத் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போல்ட் விவரமும் சொல்லுங்கள்.
- மிச்சிகன் வாசகர்

எஞ்சினைப் பாதி உயர்த்தி, கியர் கேஸின்மேல் உடல் எடையைப் போட்டு அழுத்துங்கள். இன்னொருவர் ட்ரான்ஸத்தின் மேல்விளிம்பையும் எஞ்சின் கிணற்றின் மூலைகளையும் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தாலோ மூலைகளில் விரிசல் இருந்தாலோ உள்ளே இருக்கும் பலகை உளுத்திருக்கலாம். பிளாஸ்டிக் சுத்தியால் பரப்பெங்கும் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். ஊறிய இடம் பொத்தென்று கேட்கும். பழைய போல்ட்டைக் கழற்றும்போது துளையிலிருந்து பழுப்பு நீர் கசிந்தால் வேறு சான்று வேண்டாம். ட்ரான்ஸத்தைப் புதுப்பிக்காமல் பிளேட் மாட்டாதீர்கள். எஞ்சின் பின்னால் போகப் போக அதே எடை இன்னும் பலமாக ட்ரான்ஸத்தை வளைக்கும். மேடு பள்ளமான சாலையில் ட்ரெய்லர் குலுங்கும்போதுதான் அடி அதிகம். அதனால் கியர் கேஸுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே தாங்குகோல் வைத்தே இழுத்துச் செல்லுங்கள்.

எஞ்சின் துளைகளின் பொது அளவு: மேல் இரண்டுக்கும் இடையே 12⅞ அங்குலம், கீழ் இரண்டுக்கும் இடையே 9⅞ அங்குலம். அரை அங்குல ஸ்டெயின்லெஸ் போல்ட் நான்கு வேண்டும். உள்பக்கம் சின்ன வாஷருக்குப் பதிலாக அகலமான உலோகத் தகடு கொடுங்கள். துளைக்குள்ளும் போல்ட் தலைக்கு அடியிலும் கடல்படகுக்கான பாலியூரித்தேன் சீலன்ட் பூசுங்கள், சிலிக்கோன் வேண்டாம். போல்ட்டைச் சுழற்றாமல் பிடித்துக்கொண்டு நைலான் பூட்டு நட்டை மட்டும் மெதுவாகத் திருகுங்கள். வேகமாகத் திருகினால் ஸ்டெயின்லெஸ் மரைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கையேடு வேறு சொல்லாவிட்டால் 55 அடி-பவுண்டு இறுக்கம். முதல் ஓட்டத்துக்குப் பிறகு நான்கையும் மறுபடி சரிபாருங்கள்.

எஞ்சின் பின்னால் போன அளவுக்கு எரிபொருள் குழாய், த்ராட்டில் கேபிள், ஸ்டியரிங் குழாய் மூன்றும் நீளம் போதுமா என்பதை, எஞ்சினை முழுக்க உயர்த்தி இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகே படகைத் தண்ணீரில் இறக்குங்கள்.

ஹைட்ராலிக் ஜாக் பிளேட் அவசியமா?
- ஒண்டாரியோ வாசகர்

ஓடும்போதே எஞ்சினை ஏற்றி இறக்கும் அது, ஆழமற்ற நீரில் அடிக்கடி ஓடுபவருக்கும், ஏற்றும் சுமை நாளுக்கு நாள் மாறுபவருக்கும் பயன்படும். ஒரே சுமையோடு ஆழமான ஏரியில் ஓடுபவருக்குக் கையால் நகர்த்தும் பிளேட் போதும்; எடையும் குறைவு.

எங்கள் மீன்பிடி ஃபைபர் படகு 18 அடி, 25 குதிரைத்திறன். செட்பேக் வைத்தால் எரிபொருள் மிச்சமாகுமா?
- யாழ்ப்பாண வாசகர்

வேண்டாம். வலையும் ஐஸும் மீனும் ஏற்றி இறக்கும் படகில் எடை ஒவ்வொரு பயணத்திலும் மாறும். பின்பக்கம் மேலும் தாழ்ந்தால், பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏறும் ஆபத்துதான் மிஞ்சும்.

எரிபொருள் மிச்சமாக வேறு மூன்றைப் பாருங்கள். கேவிட்டேஷன் பிளேட் அடிப்பாக மட்டத்துக்கு நேராகவோ அதற்கு ஓர் அங்குலம் வரை கீழாகவோ இருக்க வேண்டும். அதற்கும் ஆழமாக இருந்தால் வீண் இழுவை; மேலே இருந்தால் அலையில் புரொப்பெல்லர் காற்றைக் கடையும். படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடு ஏரா ட்ரான்ஸம் வரை தடித்தபடி வந்தால் அது கலக்கும் தண்ணீர்தான் புரொப்பெல்லருக்குப் போகிறது. கடைசி ஒன்றரை அடியை மெல்லச் சரித்து இழைத்து, மேலே ஃபைபர் பூசிவிடுங்கள். மூன்றாவது, வழக்கமான முழுச் சுமையோடு முழு த்ராட்டிலில் ஓட்டி, எஞ்சின் கையேட்டில் உள்ள சுற்று எல்லையைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லையென்றால் பிட்ச் குறைந்த புரொப்பெல்லர் வேண்டும். ஓர் அங்குலப் பிட்ச் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும்.