அதிகம் பேசப்படாத ஆரம்பகால ஸ்காட்லாந்து கால்பந்து வீரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

ஆண்ட்ரூ வாட்சன். கேள்வியைப் பார்த்ததும் எனக்கு வேறு பெயரே தோன்றவில்லை.

ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் என்று அவரை இன்று ஓரளவு அறிந்திருக்கிறார்கள். நான் அவரைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதினெட்டு ஆண்டுகளாக நான் கப்பலில் இன்ஜினியர். வாட்சனும் கடைசியில் கப்பல் இன்ஜினியர்தான். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் கால்பந்தைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, 'பிறகு கடலுக்குப் போய்விட்டார்' என்று ஒரே வரியில் அந்த வாழ்க்கையை முடித்துவிடுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

1856 மே 24 அன்று தென் அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவில் பிறந்தார். தந்தை பீட்டர் மில்லர் வாட்சன், கரும்புத் தோட்டங்களில் செல்வம் சேர்த்த ஸ்காட்லாந்துக்காரர். தாய் ஹன்னா ரோஸ் அந்த ஊர்ப் பெண். அடிமை முறை முழுவதும் ஒழிந்து அப்போது இருபது ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஆள் பற்றாக்குறையால் 1845 முதல் மதராஸிலிருந்து நம்மவர்களையும் கப்பலேற்றிக் கொண்டுபோனது அதே கரும்புக் காடுகளுக்குத்தான். தந்தை மகனை பிரிட்டனுக்கு அழைத்து வந்தார். ஹாலிஃபாக்ஸில் ஒரு பள்ளி, பிறகு லண்டனில் கிங்ஸ் காலேஜ் பள்ளி. 1869-இல் தந்தை இறந்தபோது மகனுக்குக் கணிசமான பணம் விட்டுச் சென்றிருந்தார். 1875-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதமும் பொறியியலும் படிக்கச் சேர்ந்தவர், ஓராண்டோடு படிப்பை விட்டுவிட்டார்.

கிளாஸ்கோவில் கால்பந்து அவரைப் பிடித்துக்கொண்டது. மேக்ஸ்வெல், பார்க்குரோவ் அணிகளில் ஆடிவிட்டு 1880-இல் குயின்ஸ் பார்க் அணிக்கு வந்தார். அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் அதைவிடப் பெரிய அணி இல்லை. ஆங்கிலேயர்கள் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனியாளாக ஓடிக்கொண்டிருந்தபோது, ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் பந்தைக் கடத்தி ஆடும் கலையை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆட்டத்தில் வாட்சன் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர். வேகம், உறுதியான உதை, தவறாத தடுப்பு என்று அன்றைய பதிவுகள் அவரைப் புகழ்கின்றன. எல்லோரும் கறுப்பு பூட்ஸ் அணிந்த காலத்தில் அவர் பழுப்பு நிற பூட்ஸ் அணிந்து வந்ததை ஒரு செய்தித்தாள் குறிப்பிட்டு எழுதியது.

1881 மார்ச் 12. லண்டன் ஓவல் மைதானம். இங்கிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்தின் கேப்டன் வாட்சன். முடிவு 6-1. சொந்த மண்ணில் இங்கிலாந்து இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் தோற்றது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. இரண்டு நாள் கழித்து வேல்ஸுக்கு எதிராக 5-1. அடுத்த ஆண்டு கிளாஸ்கோவில் மீண்டும் இங்கிலாந்து, மீண்டும் 5-1. நாட்டுக்காக ஆடியது மூன்றே ஆட்டங்கள். மூன்றிலும் சேர்த்து எதிரணிகள் அடித்த கோல்கள் மூன்று. தடுப்பாட்டக்காரருக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

1882-இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஸ்காட்லாந்துக்கு வெளியே வசிப்பவர்களை அணியில் சேர்ப்பதில்லை என்பது அன்றைய வழக்கம். இருபத்தாறு வயதில் சர்வதேச ஆட்டம் முடிந்துபோனது. ஸ்விஃப்ட்ஸ் அணிக்காக எஃப்.ஏ. கோப்பையில் ஆடினார், கொரிந்தியன் அணிக்கு ஆடினார், இடையில் குயின்ஸ் பார்க்குக்குத் திரும்பி 1886-இல் மறுபடி ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றார். 1887-இல் லிவர்பூல் பக்கத்தில் பூட்டில் அணி. அங்கே அவர் ஊதியம் வாங்கினாரா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

இனித்தான் என் பகுதி. லிவர்பூலில், முப்பது வயதைக் கடந்த பிறகு, தேர்வு எழுதி கப்பல் இன்ஜினியரானார். அந்தத் தேர்வு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து வயதில் எழுதியபோதே எனக்குத் தூக்கம் போனது. அவர் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு, கல்லூரியில் பாதியில் விட்ட கணக்கை மறுபடி கையில் எடுத்திருக்கிறார்.

அன்றைய நீராவி இன்ஜின் அறையில் இன்றுபோல் தாங்கிகளின் (சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின்) சூட்டைத் திரையில் காட்டும் கருவி கிடையாது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் இன்ஜினில் கிராங்க் எனும் வளைந்த தண்டு சுழன்றுகொண்டே இருக்கும். அது கீழிறங்கி மேலே வரும் தாளத்தோடு தன் கையையும் சேர்த்து வீசி, உள்ளங்கையால் ஒரு கணம் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும். அரை நொடி பிசகினால் கை போய்விடும். கப்பல் ஆடும்போதும், இரவுக் காவலில் கண் சொருகும்போதும் இதே வேலைதான். நான் பயிற்சியில் இருந்தபோது, பழைய நீராவிக் கப்பலில் வேலை பார்த்த ஒரு தலைமை இன்ஜினியர் எதிரே எந்த இயந்திரமும் இல்லாமலே அந்தக் கை வீச்சைச் செய்து காட்டினார். அவர் தோளும் இடுப்பும் கிராங்கின் தாளத்திலேயே அசைந்தன. எதிரி ஓடிவரும் வேகத்தைக் கணித்துச் சரியான கணத்தில் காலை நீட்டத் தெரிந்தவருக்கு இந்த வேலை நன்றாகவே வந்திருக்கும் என்று நான் மனதார நம்புகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு லண்டனின் கியூ பகுதியில் வசித்து, 1921 மார்ச் 8 அன்று நிமோனியாவில் இறந்தார். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயே இறந்தார் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ரிச்மண்டில் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. ஸ்காட்லாந்து அணியில் அடுத்த கறுப்பின வீரர் நைஜல் குவாஷி ஆடியது 2004-இல். இடையில் 122 ஆண்டுகள்.

சென்ற ஆண்டு எங்கள் கப்பல் லண்டனை அடுத்த டில்பரி துறைமுகத்தில் நின்றபோது ரிச்மண்டுக்குப் போய்வர நினைத்தேன். ஒரு பம்ப் பழுதாகி, கிடைத்த ஆறு மணி நேரமும் அதற்கே போனது. அடுத்த முறை டில்பரி என்றால் முதல் ரயிலைப் பிடித்துவிடுவேன்.