ஊசி போட்ட குஞ்சும் சாவது ஏன்?

கேள்வி: 20 நாள் வயதில் 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கினேன். “எல்லா ஊசியும் போட்டாச்சு” என்றார் வியாபாரி. ஒரு வாரத்தில் ஏழெட்டு குஞ்சுகள் உடம்பு நடுங்கி, வெள்ளையாகக் கழிந்து செத்தன. மற்றவற்றுக்கு, வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தான லசோட்டாவை நானே சொட்டு விட்டேன். அடுத்த மாதமே வெள்ளைக்கழிச்சலில் பாதி போய்விட்டது. மருந்து போலியா? பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: மருந்தைச் சந்தேகிக்கும் முன் அந்த முதல் சாவுகளைப் பாருங்கள். 3 முதல் 6 வார வயதில் இப்படிச் செத்தால், கம்போரோ என்ற வேறொரு வைரஸ் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். குஞ்சின் எச்சத்துவாரத்துக்கு மேலே ‘பர்சா’ என்று ஒரு சின்னப் பை உண்டு. நோயை எதிர்க்கும் புரதத்தைச் செய்யும் பி செல்கள் அங்கேதான் உருவாகின்றன. கம்போரோ வைரஸ் புகுந்து அழிப்பது இந்த இளம் செல்களைத்தான். அவை போனபின் லசோட்டாவை எவ்வளவு சரியாக விட்டாலும் போதிய எதிர்ப்பு பிறக்காது. 3 வாரத்துக்குள் தொற்றினால் நிலைமை இன்னும் மோசம்: வெளியே ஒன்றும் தெரியாது, எதிர்ப்புச் சக்தி மட்டும் நிரந்தரமாகக் கெட்டுவிடும். துள்ளி ஓடுகிறதே என்று பார்த்து வாங்குவதில் பயனில்லை.

அறுத்துப் பார்த்தால் தெரியும். தொற்றிய மூன்று, நான்காம் நாளில் பர்சா இரு மடங்காக வீங்கி, மேலே மஞ்சள் கூழ் படிந்திருக்கும். எட்டாம் நாளுக்குள் பழைய அளவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தொடைத் தசையில் ரத்தக் கீற்று இருக்கும். இனி குஞ்சு செத்தால் ஃப்ரீசரில் வைக்காமல், ஐஸ் போட்ட பெட்டியில் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடலூரில் கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையமும், புதுச்சேரி குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

பணத்துக்கு ரசீதும் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். நோய் வெளிப்பட 2, 3 நாள் போதும். வாங்கி ஒரு வாரம் கழித்துச் செத்தால், உங்கள் கொட்டகையிலேயே தொற்றியது என்று வியாபாரி வாதிடலாம். ஆகவே வாங்கும்போதே கம்போரோ தடுப்பு மருந்து கொடுத்த தேதியை ரசீதில் எழுதி வாங்குங்கள். சுயதொழிலாக, பிழைப்புக்காக வளர்ப்பவரும் நுகர்வோர்தான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: கம்போரோ தடுப்பு மருந்து வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (வாசகி, வில்லியனூர்)

பதில்: குளிர்ச்சியை. கடையில் 2 முதல் 8 டிகிரியில் இருந்ததா என்று கேளுங்கள். ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள். பையில் போட்டு வெயிலில் ஸ்கூட்டரில் கொண்டுவந்த மருந்து வெறும் தண்ணீர்தான். பொதுவாக 12 முதல் 14 நாள் வயதில் ஒரு முறை, 24 முதல் 28 நாள் வயதில் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். ரொம்ப முன்னால் போட்டால் தாய்க்கோழி தந்த எதிர்ப்பே மருந்தை முறியடித்துவிடும். குறைந்த குஞ்சுகளுக்குக் கண்ணில் ஒரு சொட்டு விடுவதே நல்லது. தண்ணீரில் கலப்பதானால் குளோரின் கலந்த குழாய்நீர் கூடாது. கொழுப்பு நீக்கிய பால்பொடி சேர்த்து, 2 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வையுங்கள். நோய் வந்த கொட்டகையில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பழைய உமியை முழுதும் அள்ளி எரித்து, தரையைக் கழுவி, ஃபார்மலின் என்ற கிருமிநாசினி தெளித்தபிறகே அடுத்த குஞ்சை இறக்குங்கள்.