ஹஜ்ஜில் இல்லாத மதீனா

அன்புள்ள அண்ணனுக்கு,

என்னோடு வேலை பார்க்கும் பாய் ஒருவர் ஹஜ் போய் வந்தார். அதில் எட்டு நாள் மதீனாவில் இருந்தாராம். மக்காவைப் பற்றிக் கேட்டால் கூட்டம், வெயில் என்று சாதாரணமாகப் பேசுகிறவர், மதீனா என்றதும் குரல் தழுதழுக்கிறார். ஆனால் ஹஜ் கடமைகளில் மதீனாவே வராது என்று படித்தேன். பிறகு ஏன் எல்லாரும் போகிறீர்கள்? நபியின் சமாதி இருப்பதாலா? சமாதியை வணங்கக் கூடாது என்பதுதானே உங்கள் மார்க்கம்? அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

கு.

அன்புள்ள கு.,

படித்தது சரிதான். அரஃபா மைதானத்தில் தங்குவது, கஃபாவைச் சுற்றுவது, ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே போய்வரும் தொங்கோட்டம் எல்லாம் மக்காவிலும் அதை ஒட்டியுமே முடிந்துவிடும். சுமார் 450 கிலோமீட்டர் வடக்கே இருக்கிற மதீனாவை எட்டிப் பார்க்காமல் ஊர் திரும்பினாலும் ஹஜ் ஹஜ்தான். எட்டு நாள் என்பது, அங்கே விடாமல் நாற்பது வேளை தொழுவது பற்றிய ஒரு ஹதீஸை, அதாவது நபிமொழியை வைத்து வந்த கணக்கு. அது பலவீனமான ஹதீஸ் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு, இருந்தும் கணக்கை யாரும் விடவில்லை. உறுதியான ஹதீஸ் வேறு. மக்கா பள்ளிவாசல் நீங்கலாக, மற்ற இடங்களில் தொழும் ஆயிரம் தொழுகையைவிட மதீனாவின் நபி பள்ளிவாசலில் தொழும் ஒன்று மேல் என்பது அது.

ஆனால் உங்கள் நண்பரின் குரல் தழுதழுத்தது இந்த நன்மைக் கணக்கால் இல்லை.

கஃபா எங்களுக்கு இப்ராஹீம் நபி காலத்தது. மதீனாப் பள்ளி நபிகள் நாயகம் (ஸல்) தன் தோழர்களோடு தானும் கல் சுமந்து கட்டியது. 622-ல் மக்காவை விட்டு வந்தவரின் ஒட்டகம் மண்டியிட்ட இடம், ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைப் பையன்களுக்குச் சொந்தமான, பேரீச்சம்பழம் காயப்போடும் களம். சும்மாவே தருகிறோம் என்றார்கள், விலை கொடுத்துத்தான் வாங்கினார். பேரீச்ச மரத்தூண், ஓலைக் கூரை, மழை வந்தால் ஒழுகும். ஒரு ரமழான் இரவில் மழை பெய்து, சஜ்தாவிலிருந்து, அதாவது தரையில் நெற்றி வைத்துத் தொழுதுவிட்டு, எழுந்த நபியின் நெற்றியிலும் மூக்கிலும் சேறு ஒட்டியிருந்ததை அபூ ஸயீத் என்ற தோழர் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

வீடில்லாத ஏழைகள் அங்கேதான் படுத்தார்கள், அகழிப் போரில் அடிபட்ட ஸஅத் இப்னு முஆத் என்ற தோழருக்கு உள்ளேயே கூடாரம் போட்டார்கள். ஒருமுறை கிராமத்து அரபி ஒருவர் வந்து பள்ளிக்குள்ளேயே சிறுநீர் கழிக்க ஆரம்பித்துவிட்டார். தோழர்கள் பாய்ந்து எழுந்தார்கள். நபியோ, விடுங்கள், அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள் என்றதோடு சரி. மண்தரை, உறிஞ்சிக்கொண்டது. இன்றைக்குப் பளிங்கும் கம்பளமும். வெளி முற்றத்தில் மடங்கி விரியும் 250 ராட்சதக் குடைகள். குடை விரிவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும், நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஆனால் உள்ளே போனதும் மனசு தேடுவது அந்த ஒழுகும் கூரையைத்தான்.

சமாதிக்கு வருகிறேன். 632-ல் நபியை அடக்கியது பள்ளிக்குள் இல்லை, பள்ளியை ஒட்டியிருந்த, அவர் மனைவி ஆயிஷா நாயகியின் அறையில். பின்னால், அவருக்கு அடுத்தடுத்துத் தலைமையேற்ற கலீஃபாக்கள் அபூபக்கர், உமர் இருவரையும் அங்கேயே அடக்கினார்கள். நபி மறைந்து எழுபத்தைந்து வருடம் கழித்து, கலீஃபா வலீத் காலத்தில் பள்ளியை விரித்தபோதுதான் அந்த அறை உள்ளே வந்தது. அப்போதே அதைச் சுற்றி ஐந்து பக்கமாகச் சுவர் எழுப்பினார்கள். நாற்கோணமாக இருந்தால் கஃபா மாதிரி ஆகிவிடும், ஜனங்கள் அதை நோக்கித் தொழ ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயந்தார்களாம். நம்மூர் முஸ்லிம் வீட்டுக் காலண்டர்களில் பார்ப்பீர்களே, அந்த அறைக்கு மேலே இருக்கும் குவிமாடத்துக்குப் பச்சை அடித்ததே 1837-ல்தான். பயணத்தின் நிய்யத், அதாவது நோக்கம், பள்ளிக்காகவா, கப்ர் என்கிற சமாதிக்காகவா என்பது எங்களுக்குள் பழைய சண்டை, அதற்குள் நான் இறங்கப்போவதில்லை. ஆனால் யாரும் அங்கே போய்க் கையேந்தி அவரை வணங்குவதில்லை என்று சொன்னால் அது பொய், அப்படிச் செய்கிறவர்களை கிப்லா பக்கம், அதாவது கஃபா இருக்கும் திசையில், திருப்பி நிறுத்தவே காவலர்கள் இருக்கிறார்கள். வந்த வேலை ஸலாம் சொல்வது, அவ்வளவுதான்.

அந்த ஸலாம்தான் உங்கள் கேள்விக்கு என் பதில். யாராவது மதீனா போகிறார் என்றால் தெருவே வந்து, எங்க ஸலாமையும் சொல்லிடுங்க என்று ஒப்படைக்கும். நான் கிளம்பியபோது உம்மா ஒரு நோட்டுத்தாளில் நாற்பத்து மூன்று பெயர் எழுதித் தந்தார். பித்தளைக் கம்பித் தடுப்புக்கு முன்னால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், நிற்க விடமாட்டார்கள். ஆறாவது பெயரிலேயே பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். தாளைத் தூக்கிப் பிடித்து, இதில் உள்ள எல்லார் சார்பிலும் என்று சொல்லிவிட்டு, கண்ணெல்லாம் தண்ணீராக வெளியே வந்தேன். ராத்திரி உம்மாவுக்கு ஃபோன் செய்து பெருமையாகச் சொன்னால், முதலில் கேட்டது இதுதான்: "மூணாம் வீட்டு மாமி பேரைத் தனியா சொன்னியா இல்லியா? அவங்க நாளைக்கு வந்து கேப்பாங்களே."

மறுநாள் ஃபஜ்ர் என்கிற விடிகாலைத் தொழுகைக்கு அப்புறம் திரும்பவும் போய் வரிசையில் நின்றேன்.