மூன்று நாள் கதிர்வீச்சுக்கு எதற்கு இரண்டு வாரத் திட்டமிடல்?

உங்கள் கேள்வி இது: தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு முன் உடல் முழுவதும் கதிர்வீச்சு தரப் போகிறார்கள். சிகிச்சை மூன்றே நாள். ஆனால் திட்டமிட இரண்டு வாரம் வேண்டும் என்கிறார்கள். கட்டி இருக்கும் இடத்தை மட்டும் குறிவைக்கும் சிகிச்சை என்றால் சரி, தலை முதல் கால் வரை ஒரே சீராகக் கதிர் பட வேண்டும் என்றால் அதில் திட்டமிட என்ன இருக்கிறது?

நான் மருத்துவ இயற்பியலாளர். கதிர்வீச்சுத் துறையில் மருத்துவர் எழுதித் தரும் அளவை இயந்திரம் சரியாகக் கொண்டு சேர்க்கக் கணக்குப் போடுவது எங்கள் வேலை. நாங்கள் போடும் கணக்குகளில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த முழு உடல் கணக்குதான். காரணமே நீங்கள் சொன்ன அந்த "ஒரே சீராக" என்ற சொல். கழுத்து மெலிந்தது, தோள் அகன்றது, வயிறு தடித்தது, கணுக்கால் சிறுத்தது. மார்புக்குள் இருக்கும் நுரையீரலோ பெரும்பகுதி காற்று. இப்படி மேடும் பள்ளமுமான ஓர் உடம்பில் எந்த இடத்தை எடுத்தாலும் அளவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டும். அதே நேரம், நுரையீரலுக்கு மட்டும் வேண்டுமென்றே குறைத்துத் தர வேண்டும்.

முதலில், இவ்வளவு கடுமையான ஒன்றை ஏன் செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கீமோதெரபிக்குப் பிறகும் ஒளிந்திருக்கும் புற்றணுக்களை அழிப்பது ஒரு நோக்கம். மருந்து எளிதில் எட்டாத மூளை, தண்டுவடம், விதைப்பை போன்ற இடங்களையும் கதிர் எட்டும். கொடை தருபவரிடமிருந்து வரப்போகும் புதிய ஸ்டெம் செல்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களை) உடல் எதிர்த்துத் தள்ளிவிடாதபடி நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்குவது இன்னொரு நோக்கம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக 1990இல் நோபல் பரிசு பெற்ற டொனால் தாமஸின் குழு தொடக்க காலத்திலேயே கையாண்ட முறை இது. பழைய முறை என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. 2021இல் வெளியான ஃபோரம் என்ற பன்னாட்டு ஆய்வில், கடுமையான லிம்ஃபாய்டு வகை ரத்தப் புற்றுநோய் உள்ள, நான்கு வயதைக் கடந்த பிள்ளைகளில் கதிர்வீச்சு பெற்றவர்கள் 91 சதவீதத்தினர் இரண்டு ஆண்டு முடிவில் உயிருடன் இருந்தார்கள். மருந்துகளை மட்டும் பெற்றவர்களில் அது 75 சதவீதம்.

வழக்கமான முழு அளவு 12 கிரே. உடல் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகுதான் கிரே. நாளுக்கு இரு வேளை, வேளைக்கு 2 கிரே, மூன்று நாள். உடல் முழுவதும் ஏறக்குறைய 4 கிரே ஒரே மூச்சில் பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். நாங்கள் தருவது அதைப் போல் மூன்று மடங்கு. பிரித்துத் தருவதால் நுரையீரல் போன்ற உறுப்புகள் இடைவேளையில் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. மஜ்ஜை மட்டும் மீளாது. அதை மீட்பது பின்னால் வரும் ஸ்டெம் செல்கள்தான். எனவே தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. பாதிக் கிணறு தாண்ட முடியாது என்பார்களே, அது இங்கே அப்படியே உண்மை.

இனி அறைக்குள் வாருங்கள். கதிர்வீச்சை உண்டாக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் இயந்திரத்தில் ஒரு மீட்டர் தூரத்தில் கிடைக்கும் மிகப் பெரிய கதிர்ப்பரப்பு 40 செ.மீ.க்கு 40 செ.மீ. மட்டுமே. முழு ஆளையும் அதில் அடக்க வழி, ஆளைத் தள்ளி வைப்பது. நான்கு மீட்டர் தள்ளினால் பரப்பு 160 செ.மீ. ஆகிறது; கதிர்வாயை 45 பாகை திருப்பி மூலைவிட்டத்தின் நீளத்தில் நிறுத்தினாலோ படுக்க வைத்தாலோ உயரமானவரும் அடங்கிவிடுவார். தூரம் நான்கு மடங்கானால் கதிரின் செறிவு பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. அதனால் ஒவ்வொரு வேளையும் நீள்கிறது. ஆனால் அதில் ஒரு நன்மையும் உண்டு: மெதுவாகப் படும் கதிரை நுரையீரல் நன்றாகத் தாங்குகிறது.

இந்தத் தூரத்தில், அன்றாடம் நாங்கள் பயன்படுத்தும் அட்டவணைகளை அப்படியே நம்ப முடியாது. சுவரிலும் தரையிலும் பட்டுச் சிதறும் கதிரும் கணக்கில் வரும். அதனால் மனித உடலுக்கு ஈடான பொம்மையை அதே இடத்தில் வைத்து அளந்து பார்க்கிறோம். பிறகு நோயாளியின் தலை, கழுத்து, தோள், மார்பு, தொப்புள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வோர் இடத்தின் தடிமனையும் அளக்கிறோம். தொப்புள் மட்டத்தில் உடலின் நடுப்புள்ளிக்கு அளவை நிர்ணயித்துவிட்டு, மெலிந்த இடங்களுக்கு முன்னால் எவ்வளவு உலோகத் தகடு வைத்தால் அங்கும் அதே அளவு வரும் என்று கணக்கிடுகிறோம். கால்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை அரிசிப் பைகளால் நிரப்புவதும் உண்டு. அரிசி ஏறத்தாழத் தசையைப் போலவே கதிரைத் தடுக்கும். உங்கள் தம்பியின் பக்கத்தில் பெரிய அக்ரிலிக் பலகை ஒன்றை நிறுத்தினால் பயப்பட வேண்டாம். உயர் ஆற்றல் கதிர் தோலுக்கு ஒன்றரை, இரண்டு செ.மீ. உள்ளே போன பிறகுதான் முழு வீச்சை அடையும். தோலிலும் புற்றணு இருக்கலாம் என்பதால் அந்தப் பலகையை வைத்து வீச்சைத் தோலுக்கே கொண்டுவருகிறோம்.

நுரையீரல்தான் திட்டத்தின் உயிர்நாடி. காற்று நிறைந்த உறுப்பு கதிரை அதிகம் தடுக்காது. தடுப்பு எதுவும் வைக்காவிட்டால் மற்ற உறுப்புகளைவிட அதற்கே கூடுதலாகப் படும். அப்படிப் பட்டதால் வந்த நுரையீரல் அழற்சி உயிரையே பறித்த காலம் உண்டு. அதனால் சராசரி அளவை 8 கிரேக்குக் கீழே வைக்கப் பாடுபடுகிறோம். நுரையீரலின் வடிவத்தை ஸ்கேனில் வரைந்து, அதே வடிவில் ஈயக் கலப்புலோகக் கட்டைகளை வார்த்து, அவற்றைக் கதிரின் வழியில் தொங்கவிடுகிறோம். ஒவ்வொரு வேளையும் படம் எடுத்து, கட்டையின் நிழல் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்த்த பிறகே தொடங்குவோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. கட்டையின் நிழலில் விலா எலும்புகளும் ஒளிந்துகொள்கின்றன. அவற்றுக்குள் மஜ்ஜை இருக்கிறது, மஜ்ஜைக்குள் நோய் இருக்கிறது. எனவே அதிக ஆழம் போகாத எலெக்ட்ரான் கதிரைக் கொண்டு அந்த இடத்துக்கு மட்டும் தனியாக ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. கட்டை ஒரு சென்டிமீட்டர் பெரிதானால் நோய்க்கு இடம் கொடுக்கிறோம், சிறிதானால் மூச்சுக்கு ஆபத்து. நள்ளிரவிலும் விழித்து இந்தக் கோட்டை நான் மனத்தில் மறுபடி வரைந்து பார்த்திருக்கிறேன்.

சில இடங்களில் தொலைவில் நிறுத்தும் முறைக்குப் பதிலாக, வழக்கமான மேசையிலேயே படுக்க வைத்து, இயந்திரத்தைச் சுழற்றிக் கதிரை வடிவமைக்கிறார்கள். நுரையீரல், சிறுநீரகம், கண்ணின் வில்லை ஆகியவற்றை இதில் நன்றாகக் காக்க முடிகிறது. ஆனால் முழு உடலையும் மேசை ஒரே ஓட்டத்தில் கடக்க முடியாததால் தலைப்பக்கம் ஒரு திட்டம், கால்பக்கம் ஒரு திட்டம் என்று பிரித்து, சேரும் இடத்தில் ஒன்று மெல்லக் குறைய மற்றது மெல்லக் கூடும்படி அமைக்க வேண்டும். உறுப்பு உறுப்பாகத் தலை முதல் கால் வரை கணினியில் வரைவதற்கே பல நாள் ஆகும். அதன் பிறகு திட்டத்தைப் பொம்மையில் செலுத்தி அளந்து பார்க்க வேண்டும். நீங்கள் கேட்ட இரண்டு வாரம் இப்படித்தான் போகிறது.

இன்னொரு வேலை வெளியே தெரியாது. ஒருமுறை இரண்டாம் நாள் காலையில் எங்கள் இயந்திரம் நின்றுவிட்டது. நோயாளி ஆறில் இரண்டு வேளை முடித்திருந்தார். அவருக்குக் கொடை தருபவர் வேறு நகரிலிருந்து புறப்படத் தயாராக இருந்தார். அதே திட்டத்தைப் பக்கத்து அறை இயந்திரத்துக்கும் முன்பே கணக்கிட்டு, அளந்து வைத்திருந்தோம். மதியத்துக்குள் மூன்றாம் வேளை முடிந்தது. ஒருவேளை பயன்படவே பயன்படாத அந்த மாற்றுத் திட்டத்துக்கும் உங்கள் இரண்டு வாரத்தில் சில நாட்கள் போகின்றன. மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் தம்பியின் பங்கும் இதில் உண்டு. அளவெடுக்கும் நாளில் எந்த நிலையில் இருந்தாரோ, அதே நிலையில் ஆறு வேளையும் அசையாமல் இருக்க வேண்டும். முதுகுவலியோ, கை மரத்துப்போவதோ இருந்தால் அன்றே சொல்லச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அன்று பொறுத்துப் போனால் சிகிச்சையின் நடுவே நெளிய வேண்டிவரும், கட்டைகளின் நிழல் விலகிவிடும். நிற்க முடியாதவருக்குப் படுத்த நிலையில் திட்டம் போட எங்களுக்குத் தெரியும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். முதல் வேளையில் அவர் தோலில் சிறிய உணரிகளை ஒட்டி, உண்மையில் பட்ட அளவை எங்கள் கணக்கோடு ஒப்பிடுவோம். வித்தியாசம் தெரிந்தால் அடுத்த வேளையில் திருத்திவிடுவோம். முதல் நாள் இரவு தாடையோரம் வீங்கி வலிக்கலாம். அது உமிழ்நீர்ச் சுரப்பியின் எதிர்வினை, பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். இந்த அளவுக் கதிர்வீச்சுக்குப் பிறகு பெரும்பாலானோருக்குக் குழந்தை பெறும் ஆற்றல் திரும்புவதில்லை. விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றி மருத்துவர் பேசவில்லை என்றால் நீங்களே எடுத்துப் பேசுங்கள். சிகிச்சை தொடங்கிவிட்டால் அதற்கு நேரம் இருக்காது.