குந்தன் கண் திறந்தால்

அன்புள்ள ஐயா,

தனுஷ் நடித்த 2013ஆம் ஆண்டு இந்திப் படமான 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவம் 'அம்பிகாபதி'யை 2025 ஆகஸ்டில் முடிவை மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். சாகிற நாயகன் குந்தன் செயற்கை நுண்ணறிவின் உதவியால் பிழைத்துக்கொள்கிறான். கடைசிச் சில நிமிடங்கள்தானே, அதற்கு ஏன் இவ்வளவு கோபம்? ரிட்லி ஸ்காட் இயக்கிய ஆங்கிலப் படம் 'பிளேடு ரன்னர்'ஐ மாற்றியபோது மட்டும் கொண்டாடினோமே?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா,

அந்தச் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குந்தன் மருத்துவமனையில் கிடக்கிறான், பக்கத்தில் அவன் காதலித்த ஸோயா. அவன் மனக்குரல் கேட்கிறது. எழுந்துவிடலாம், ஆனால் யார் எழுவது, மறுபடி யார் காதலித்து மனம் உடைவது என்று அலுத்துக்கொள்கிறான். இவள் 'சரி' என்றால் இப்போதே திரும்பிவிடுவேன் என்கிறான். அப்புறம், வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொள்கிறான். சாவை அவனேதான் தேர்ந்தெடுக்கிறான். ஆபத்து காத்திருப்பது தெரிந்தே மேடையேறி அடிபட்டவன் அவன்.

2013இல் இந்தப் படத்தின் மேல் வந்த பெரிய புகார், பெண்ணைத் துரத்துவதைக் காதலாகக் காட்டுகிறது என்பது. நியாயமான புகார்தான். மணிக்கட்டை அறுத்துக்கொண்டு காதலை வாங்கப் பார்ப்பவன். ஸோயா விரும்பியவனின் சாவுக்கும் காரணமாகிறவன். இதற்கெல்லாம் அவன் விலை கொடுப்பது அந்தக் கட்டிலில்தான். புது வடிவத்தில் அவன் கண் திறக்கிறான், நண்பர்கள் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள். அவ்வளவுதான், முன்பாதியில் அவன் செய்த அத்தனையும் விடாமுயற்சி ஆகிவிடுகிறது! ஸோயாவின் குற்றவுணர்ச்சிக்கும் இடமில்லை.

'பிளேடு ரன்னர்' கதை நேர்மாறானது. 1982இல் விளக்கக் குரலும் சுபமுடிவும் ஸ்டுடியோவின் வற்புறுத்தலால் ஒட்டப்பட்டவை. முடிவில் வரும் மலைக்காட்சிகளே இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்து மிஞ்சியவை. 1992 வடிவத்தில் இரண்டும் போயின. ஒற்றைக் கொம்புக் குதிரைக் கனவு ஒன்று சில நொடிகள் சேர்ந்தது. செயற்கை மனிதர்களை வேட்டையாடும் நாயகன் கையில் கடைசியில் கிடைக்கும், அதே ஒற்றைக் கொம்புள்ள காகிதக் குதிரையோடு அதைச் சேர்த்துப் பார்த்தால், அவனே செயற்கை மனிதனோ என்ற சந்தேகம் வந்துவிடும். அர்த்தம் அங்கேயும் தலைகீழானது. ஆனால் ரிட்லி ஸ்காட் தன் படத்தைத் தானே மீட்டார். 2007இல் முழு உரிமையோடு இன்னொரு முறை தொகுத்தார்.

'அம்பிகாபதி'யில் இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டுவது எடிட்டிங். தனுஷ் நடிக்கவே நடிக்காத ஒன்றை அவர் முகத்தில் வரவழைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. உரிமைப் பத்திரம் யாரிடம் இருந்தாலும் சரி.

நீங்கள் புது வடிவத்தை மட்டும் பார்த்திருந்தால், தயவுசெய்து பழையதையும் பாருங்கள். முடிந்தால் இந்தியில்.