துரத்துவதா, விடுவதா?

கேள்வி: போலீஸ் கை காட்டியும் நிற்காமல் காரில் பறக்கிறான் ஒருவன். போலீஸ் துரத்துகிறது. வழியில் ஓர் அப்பாவி அடிபட்டு இறக்கிறார். ஓடியவன் செய்த குற்றத்துக்கு, கடமையைச் செய்த போலீஸைக் குறை சொல்வது என்ன நியாயம்?

பதில்: ஓடியவன் குற்றவாளிதான். அதில் உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் மொத்தப் பழியையும் அவன் தலையில் போட்டுவிட்டுப் போலீஸ் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அவன் யாரைப் பற்றியும் கவலைப்பட மாட்டான் என்பது துரத்த ஆரம்பிக்கும்போதே தெரிந்த விஷயம். பின்னால் போகிறவருக்குச் சீருடை கொடுத்திருப்பதே சாலையில் போகிற மற்றவர்களைக் காப்பாற்றத்தான்.

1990-இல் அமெரிக்காவின் சாக்ரமென்டோ பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். வேகமாகப் போன ஒரு மோட்டார் சைக்கிள், போலீஸ் சொல்லியும் நிற்கவில்லை. ஓட்டியவனுக்கு 18 வயது, பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு 16. போலீஸ் கார் துரத்தியது. வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை போனது. எல்லாம் சேர்த்து 75 வினாடிதான். ஒரு திருப்பத்தில் பைக் சாய்ந்தது. பின்னால் வந்த காரால் நிற்க முடியவில்லை. அடிபட்டுச் சுமார் 21 மீட்டர் தள்ளிப் போய் விழுந்து இறந்தவன், பின்னால் உட்கார்ந்திருந்த பையன். ஆக்சிலேட்டர் அவன் கையிலேயே இல்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தீங்கு செய்யும் நோக்கம் இல்லாததால் இது அரசியல் சட்ட மீறல் ஆகாது என்று 1998-இல் தீர்ப்பு வந்தது. சரி, சட்டப்படி போலீஸ்காரர் தப்பினார். அதனால் அவர் துரத்தியது சரி என்று ஆகிவிடுமா? வேகமாகப் போனதற்கு ஒரு பையனின் உயிரா?

‘போலீஸ் விட்டுவிடும் என்று தெரிந்தால் எல்லோரும் ஓடுவார்களே’ என்பீர்கள். அதே நீதிமன்றம் 2007-இல் இன்னொரு வழக்கில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. வலுவான வாதம்தான். ஆனால் துரத்தலை விடுவது வேறு, ஆளை விடுவது வேறு. நம்பர் பிளேட் கிடைத்துவிட்டால் மறுநாள் காலை வீட்டிலேயே போய்ப் பிடிக்கலாம். ஹெலிகாப்டர் இருக்கிறது. ஓடும் காரில் போய் ஒட்டிக்கொள்ளும் ஜி.பி.எஸ். கருவியும் வந்துவிட்டது. ஓடுகிறவன் துப்பாக்கியோடு அடுத்த கொலைக்குப் போகிறான், காரில் கடத்தப்பட்ட குழந்தை இருக்கிறது என்றால் துரத்தத்தான் வேண்டும். அதில் இரண்டாவது பேச்சே இல்லை.

சைரன் போடுகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். சைரன் இருப்பது பின்னால் வரும் வண்டியில். முன்னால் பறந்து வருகிற கார் சத்தமே கொடுக்காது. சாலையைக் கடக்கிறவர் சைரன் எங்கே என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அது வந்து மோதிவிடும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 33 மீட்டர். ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி ஆனால், அதற்குள் 50 மீட்டர் போயிருக்கும்.

அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு முன்னால் ஓடுகிற காரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அவரும் மனிதர்தானே. அதனால்தான் முடிவு அவர் கையில் இருக்கக் கூடாது என்கிறேன். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மேலதிகாரி வயர்லெஸ்ஸில் கேட்க வேண்டும்: என்ன குற்றம்? நம்பர் கிடைத்ததா? ரோட்டில் ஆள் நடமாட்டம் எப்படி? பதில் திருப்தியாக இல்லை என்றால் ‘போதும், திரும்பு’ என்று உத்தரவு போட வேண்டும். 75 வினாடிக்குள் கேட்டு முடித்துவிடக்கூடிய கேள்விகள்தான் இவை.